முதல் பிரசவத்தில் போட்ட ஊசிதான் என் மகனைப் பாதித்ததா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாத அளவுக்கு அதைச் சுருக்கித் தருகிறேன்.

வயது 31. இரண்டாவது கர்ப்பம், இப்போது 34 வாரம். முதல் பிரசவம் நான்கு வருடங்களுக்கு முன்பு நடந்தது. வலி நீண்டுகொண்டே போனதால் இரண்டு முறை பெத்திடின் என்ற வலி குறைக்கும் ஊசி போட்டிருக்கிறார்கள். இரண்டாவது ஊசி போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்க ஆரம்பித்தது. முழு மயக்கம் கொடுத்து அவசரமாக சிசேரியன் செய்தார்கள். மகன் பிறந்ததும் அழவில்லை, முகத்தில் மாஸ்க் வைத்து மூச்சு கொடுத்த பிறகே அழுதான். டிஸ்சார்ஜ் சம்மரியில், பிறந்த குழந்தையின் நிலையைப் பத்துக்கு மதிப்பிடும் அப்கார் மதிப்பெண் முதல் நிமிடத்தில் 4, ஐந்தாவது நிமிடத்தில் 8 என்று இருக்கிறது. அடுத்த இரண்டு நாளும் தூங்கிக்கொண்டே இருந்தான், மார்பில் சரியாகச் சப்பவில்லை. ‘மருந்தெல்லாம் பால்ல வரும்’ என்று வீட்டில் சொன்னதால் அந்த இரண்டு நாள் பாலையும் பீய்ச்சிக் கொட்டியிருக்கிறார்.

இப்போது நான்கு வயதாகும் மகன் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துத்தான் பேசுகிறான். ‘அன்னிக்கு மயக்க ஊசி போட்டதாலதான் இப்படி’ என்று மாமியார் சொல்கிறார், கணவரும் மறுப்பதில்லை. அதனால் இந்தப் பிரசவத்தில் எந்த மருந்தும் வேண்டாம், வலியைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார். தாங்கவே முடியாவிட்டால் சாதாரண இடுப்பு ஊசி போதும், முதுகில் மட்டும் போடக் கூடாது, ஏனென்றால் ஆயுசுக்கும் முதுகுவலி வந்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். மறுபடியும் சிசேரியன் என்றால் முழு மயக்கமே தேவலை என்றும் தோன்றுகிறதாம், ஆனால் போன முறை ஆபரேஷன் டேபிளில் பட்ட பயம் இன்னும் போகவில்லை. “நான் முழிச்சிட்டு இருக்கும்போதே வயித்துல மருந்து தடவி துணியெல்லாம் போத்திட்டாங்க. டாக்டர் கத்தியோட நின்னாங்க. மயக்கம் வர்றதுக்குள்ள வெட்டிடுவாங்களோன்னு உயிரே போயிடுச்சு” என்று எழுதியிருக்கிறார்.

கடைசியில் பின்குறிப்பாக ஒரு வரி: “எங்க அண்ணனுக்கு ஹெர்னியா ஆபரேஷன் முடிஞ்சும் மூணு மணி நேரம் சுயமா மூச்சு வரல, வென்டிலேட்டர்ல வெச்சிருந்தாங்க. எங்க குடும்பத்துக்கே மயக்க மருந்து ஆகாதோன்னும் பயமா இருக்கு.”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு மயக்க மருத்துவராகப் படித்தபோது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தக் கடைசி வரிதான். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணனுக்கு நடந்தது என்ன?

முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய் போடுவதற்காகத் தசைகளைச் சில நிமிடம் தளர்த்தும் மருந்து ஒன்று உண்டு, சக்சினைல்கோலின். ரத்தத்தில் இருக்கும் கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி இதை வேகமாக உடைத்துவிடும், பத்து நிமிடத்துக்குள் தசைகள் திரும்பச் செயல்படும். மிகச் சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி குறையுள்ளதாக இருக்கும். அவர்களுக்கு அதே மருந்தின் வேலை மணிக்கணக்கில் நீடிக்கும். அதுவரை வென்டிலேட்டரில் வைத்து, தூங்க வைத்துக் காத்திருந்தால் போதும், தானாகவே சரியாகிவிடும். உங்கள் அண்ணன் கதை இதோடு பொருந்துகிறது. ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது, வலி மருந்து கூடிப்போயிருந்தாலும், வேறு வகைத் தசைத் தளர்ச்சி மருந்தின் வேலை முழுதாக முடியாமல் இருந்தாலும் இப்படி ஆகலாம். அவருடைய மருத்துவமனைக் குறிப்புகளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இது பரம்பரையாக வருவது. அண்ணனுக்கு இந்தக் குறை இருந்தால் உடன்பிறந்த உங்களுக்கும் அதே அளவில் இருக்க ஏறக்குறைய நான்கில் ஒரு வாய்ப்பு. ஆனால் உங்கள் கையிலேயே ஒரு நல்ல சாட்சி இருக்கக்கூடும். போன முறை உங்களுக்கும் முழு மயக்கம் கொடுத்தார்கள் அல்லவா? அந்த மருத்துவமனையில் மயக்க மருத்துவர் எழுதிய தாளின் நகலைக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி வேறு, இது வேறு. என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று நிமிட வாரியாக எழுதியிருப்பார்கள். அதில் சக்சினைல்கோலின் போட்டதாக இருந்து, நீங்களும் வழக்கமான நேரத்தில் கண் விழித்து மூச்சு விட்டிருந்தால், உங்களுக்கு இந்தக் குறை அநேகமாக இல்லை. ரோக்குரோனியம் போன்ற வேறு மருந்து போட்டிருந்தால் அந்தத் தாளிலிருந்து எதுவும் தெரியாது. அப்போது ரத்தப் பரிசோதனை தேவை. நொதியின் அளவோடு, அதன் தரத்தைக் காட்டும் ‘டிபுகெய்ன் எண்’ணையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்குமே இந்த நொதி கால்வாசி குறையும், அதனால் அளவை மட்டும் பார்த்தால் வீண் பயம் வரும்.

குறை இருந்தாலும் கவலைப்படாதீர்கள். அந்த ஒரு மருந்தைத் தவிர்த்தால் போதும். ரோக்குரோனியம் போட்டு, தேவைப்படும்போது சுகமாடெக்ஸ் கொடுத்து அதை முறிக்கலாம். ‘குடும்பத்துக்கே மயக்க மருந்து ஆகாது’ என்பது சரியில்லை. ஒரு மருந்து ஆகாமல் இருக்கலாம், அவ்வளவே. இதை உங்கள் பிரசவ ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நடுராத்திரியில் அவசரம் என்று ஓடும்போது புதிதாக வரும் மருத்துவரிடம் இதைச் சொல்ல உங்களுக்கு நேரம் இருக்காது.

மருந்து குழந்தைக்குப் போகுமா?

போகும். மூலக்கூறு சிறியதாகவும் கொழுப்பில் கரைவதாகவும் இருந்தால் அது நஞ்சுக்கொடியைத் தாண்டிவிடும். மூளையில் வேலை செய்ய வேண்டிய மருந்துகள் எல்லாமே அப்படிப்பட்டவைதான், இல்லையென்றால் உங்கள் மூளைக்குள்ளேயே நுழைய முடியாது. தசைத் தளர்ச்சி மருந்துகள் இதற்கு விலக்கு. மின்னேற்றம் கொண்டவை என்பதால் வழக்கமான அளவில் அவை குழந்தைக்குப் போவது மிகச் சொற்பம். நீங்கள் அசைவற்றுப் படுத்திருக்கும்போதும் குழந்தை கைகாலை உதைத்துக்கொண்டு வெளியே வருவது அதனால்தான்.

ஆகவே போகுமா என்று கேட்பதில் பயனில்லை. எவ்வளவு போகிறது, எப்போது போகிறது, பிறகு யார் வெளியேற்றுவது என்ற மூன்றையும் கேட்க வேண்டும். மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. நஞ்சுக்கொடி இருவழிப் பாதை. உங்கள் ரத்தத்தில் மருந்து குறையக் குறைய, குழந்தையிடம் போனதும் உங்களிடமே திரும்பி வரும், உங்கள் கல்லீரலும் சிறுநீரகமும் அதை வெளியேற்றும். தொப்புள்கொடியைக் கவ்வி வெட்டிய நொடியில் அந்தப் பாதை மூடிவிடுகிறது. அந்த நேரத்தில் குழந்தையின் உடலில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதை இனி குழந்தையே சமாளிக்க வேண்டும். பிறந்த குழந்தையின் கல்லீரலில் மருந்தை உடைக்கும் நொதிகள் பல இன்னும் முழு வேலைக்கு வந்திருக்காது, சிறுநீரகம் வடிகட்டும் வேகமும் பெரியவர்களோடு ஒப்பிட மிகக் குறைவு. ஊசி போட்ட நேரத்துக்கும் தொப்புள்கொடி வெட்டும் நேரத்துக்கும் உள்ள இடைவெளி அதனால்தான் இவ்வளவு முக்கியமாகிறது.

உங்கள் மகனுக்கு நடந்ததை இப்போது பாருங்கள். பெத்திடின் நஞ்சுக்கொடியைத் தாராளமாகத் தாண்டும், கொஞ்ச நேரத்தில் தாய்க்கும் குழந்தைக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். ஊசி போட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் பிறக்கும் குழந்தைகளிடம்தான் தூக்கமும் மூச்சு மந்தமும் அதிகம். உங்கள் மகன் சரியாக அந்த நேரத்தில் பிறந்திருக்கிறான். பெரியவர்களின் உடலில் பெத்திடின் பாதியாகக் குறைய 3 முதல் 4 மணி நேரம் ஆகும், பிறந்த குழந்தைக்கு அது 13 முதல் 20 மணி நேரம் வரைகூட எடுக்கும். அதிலிருந்து உடலில் உண்டாகும் நார்பெத்திடின் என்ற பொருள் இன்னும் மெதுவானது, பாதியாகவே 60 மணி நேரம்போல ஆகும். அவன் இரண்டு நாள் தூங்கி வழிந்ததற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதயத்துடிப்பு இறங்கியது என்றீர்களே, அதற்கும் இதில் பங்கு உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் குழந்தையின் ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும். அப்போது பெத்திடின் போன்ற மருந்துகள் குழந்தையின் பக்கம் வந்ததும் மின்னேற்றம் பெற்று, திரும்பித் தாயிடம் போக முடியாமல் தங்கிவிடும். ஏற்கெனவே சோர்ந்திருக்கும் குழந்தைக்குக் கூடுதல் மருந்து சேர்வது இப்படித்தான்.

எல்லோரும் பழி போட்ட மயக்க ஊசிக்கு இதில் சிறு பங்கே இருந்திருக்கும். ஆபரேஷன் டேபிளில் நீங்கள் பட்ட பயத்திற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. முழு மயக்கத்தில் சிசேரியன் என்றால், வயிற்றில் கிருமிநாசினி தடவுவது, துணி போர்த்துவது, கருவிகளை எண்ணி அடுக்குவது எல்லாவற்றையும் நீங்கள் விழித்திருக்கும்போதே முடித்துவிடுவோம். முகத்தில் மாஸ்க் வைத்து மூன்று நிமிடம் ஆக்சிஜன் கொடுப்போம். அறுவை மருத்துவர் கத்தியோடு தயாராக நின்ற பிறகுதான் ஊசியே போடுவோம். ஏனென்றால் மருந்து உங்கள் ரத்தக்குழாயில் ஏறி ஒரு நிமிடத்துக்குள் தொப்புள்கொடி ரத்தத்தில் வந்துவிடும். மயக்கிவிட்டு அதன்பின் பத்து நிமிடம் வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தால் அவ்வளவு நேரமும் குழந்தைக்கு மருந்து ஏறும். நீங்கள் நன்றாக மயங்கி, மூச்சுக்குழாய் சரியான இடத்தில் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் ‘ஆரம்பிக்கலாம்’ என்று சொல்வோம். அந்தச் சொல் வராமல் கத்தி தோலைத் தொடாது. இதை முன்கூட்டியே உங்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கும் குறை.

முழு மயக்கம் தொடங்கிச் சில நிமிடங்களில் குழந்தை வெளியே வந்துவிடும். தொப்புள்கொடி வழியாக வரும் ரத்தத்தில் பெரும்பகுதி முதலில் குழந்தையின் கல்லீரலுக்குப் போகிறது, மீதி கீழ் உடலிலிருந்து வரும் ரத்தத்தோடு கலந்து நீர்த்துவிடுகிறது. அதனால் மூளைக்குப் போய்ச் சேரும் மருந்து, தொப்புள்கொடியில் இருக்கும் அளவைவிடக் குறைவு. மயக்க வாயு கொஞ்சம் போயிருந்தாலும், குழந்தை மூச்சுவிட ஆரம்பித்ததும் நுரையீரல் வழியே போய்விடும்.

அப்கார் மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை 1952இல் வகுத்த வெர்ஜீனியா அப்கார் ஒரு மயக்க மருத்துவர். பிரசவ முறையும் தாய்க்குக் கொடுத்த மருந்தும் குழந்தையை எப்படிப் பாதிக்கின்றன என்று ஒப்பிடவும் அது பயன்பட்டது. முதல் நிமிடத்தில் 4 என்றால் ‘உடனே உதவி தேவை’ என்று பொருள். ஐந்தாவது நிமிடத்தில் 8 வந்திருப்பதால் அந்த உதவி பலித்திருக்கிறது. மாஸ்க் வைத்து மூச்சு கொடுத்ததுதான் சரியான சிகிச்சை. அவர்கள் சரியாகவே செய்திருக்கிறார்கள்.

‘சாதாரண இடுப்பு ஊசி போதும், முதுகில் வேண்டாம்’

இங்கேதான் உங்கள் கணக்கு தலைகீழாக இருக்கிறது. சென்ற முறை மகனைத் தூங்க வைத்ததே நீங்கள் சாதாரணம் என்று நினைக்கும் அந்த ஊசிதான். தசையில் போடும் பெத்திடின் உங்கள் ரத்தம் முழுவதும் கலந்த பிறகுதான் வலியைக் குறைக்கும், அதுவும் அரைகுறையாக. முதுகில் போடும் மருந்து நரம்புகளுக்குப் பக்கத்திலேயே வேலை செய்வதால் ரத்தத்தில் கலக்க வேண்டிய தேவை இல்லை.

அளவைப் பாருங்கள். சிசேரியனுக்கு முதுகுத்தண்டு நீரில் போடும் ஸ்பைனல் ஊசியில், மரத்துப்போகச் செய்யும் புபிவகெய்ன் என்ற மருந்து சுமார் 10 மில்லிகிராம், அதாவது 2 மில்லிலிட்டர். இது ரத்தத்தில் கலப்பது அற்பம், குழந்தைக்குப் போவது அதிலும் அற்பம். எபிடியூரல் என்பது அந்த நீரைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே போடுவது. அதில் மெல்லிய குழாய் வழியே விட்டுவிட்டு மருந்து போவதால் மொத்த அளவு கூடும். ஆனால் இன்று பிரசவ வலிக்குப் பயன்படுத்துவது 0.1 சதவீதத்தை ஒட்டிய மிக நீர்த்த கரைசல். புபிவகெய்னில் 95 சதவீதம் தாயின் ரத்தப் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும், தொப்புள்கொடியில் பார்த்தால் தாயின் அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். கூடவே சேர்க்கும் ஃபென்டனில் என்ற வலி மருந்தும் மைக்ரோகிராம் கணக்குதான். அது அதிகமாகப் போனால் முதல் நாள் குழந்தை சப்புவது கொஞ்சம் மந்தமாகலாம் என்ற சந்தேகம் உண்டு, ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை. அதனால்தான் குறைந்த அளவில் வைக்கிறோம்.

ஸ்பைனலில் குழந்தைக்குப் பிரச்சினை வந்தால் அது உங்கள் ரத்த அழுத்தம் இறங்குவதால் வரும். அழுத்தம் இறங்கினால் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையும். அதனால் இடது பக்கம் சற்றுச் சாய்த்துப் படுக்க வைப்போம், ஃபினைல்எஃப்ரின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவோம். முன்பு அதிகம் பயன்பட்ட எஃபெட்ரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டுவதால் இப்போது அது முதல் தேர்வு இல்லை. ஊசி போட்டதும் குமட்டினாலோ, ‘ஒரு மாதிரி இருக்கு’ என்று தோன்றினாலோ அடக்கிக்கொள்ளாமல் சொல்லுங்கள். பல நேரங்களில் மானிட்டர் காட்டுவதற்கு முன்பே தாய் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

முதுகுவலி பயத்தையும் விடுங்கள். ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கும். ஆனால் எபிடியூரல் போட்டவர்களையும் போடாதவர்களையும் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் நீண்டகால முதுகுவலி இரு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது. கர்ப்பமும் குழந்தையைத் தூக்குவதும் முதுகைப் பிடிக்கின்றன, பழி ஊசிக்குப் போகிறது. உண்மையில் எச்சரிக்க வேண்டியது தலைவலியைத்தான். இன்றைய பென்சில் முனை ஊசியின் கனம் அரை மில்லிமீட்டர்தான், ஸ்பைனலுக்குப் பிறகு தலைவலி வருவது நூறில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவு. எபிடியூரலில் ஊசி தவறி அந்த உறைக்கு உள்ளே போய்விடுவதும் ஏறக்குறைய நூறில் ஒன்று, அப்படிப் போனால் தலைவலி கடுமையாக இருக்கும். எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறைகிற தலைவலி என்றால் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள், சிகிச்சை உண்டு. எபிடியூரலில் சிலருக்குக் காய்ச்சல் அடிக்கும், முக்கித் தள்ளும் நேரம் கொஞ்சம் நீளும். ஆனால் அதனால் சிசேரியன் கூடுவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

வலியைத் தாங்கிக்கொள்வதா?

தாங்கிக்கொள்வது உங்கள் உரிமை, அதை யாரும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் குழந்தைக்காகத் தாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். கடும் வலியில் உங்கள் உடலில் ஏறும் அட்ரினலினும் வேகமாக மூச்சு வாங்குவதும் கருப்பைக்குப் போகும் ரத்தத்தையும் ஆக்சிஜனையும் குறைக்கக்கூடியவைதான். ஆரோக்கியமான குழந்தை இதைச் சமாளித்துவிடும். வலிக்கும் ஒரு விலை இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

உங்கள் நிலையில் நானாக இருந்தால் யோசிப்பது இப்படி. சுகப்பிரசவம் முயன்று பார்க்கலாமா, நேராக சிசேரியனா என்பதை உங்கள் மகப்பேறு மருத்துவர் பழைய தையலையும் குழந்தையின் நிலையையும் வைத்துச் சொல்ல வேண்டும். முயன்றால் பழைய தையல் பிரியும் ஆபத்து இருநூறில் ஒன்றை ஒட்டியது, அதனால் எந்த நேரமும் சிசேரியன் செய்யக்கூடிய இடத்தில்தான் முயல வேண்டும். அப்படி முயன்றால், வலி நன்றாகத் தொடங்கியதுமே எபிடியூரல் குழாயைப் போட்டுக்கொள்வது உங்களுக்கு இரட்டை லாபம். திடீரென்று சிசேரியன் தேவைப்பட்டால் அதே குழாயில் அடர்த்தியான மருந்தை ஏற்றிச் சில நிமிடங்களில் ஆபரேஷனுக்குத் தயாராகலாம், முழு மயக்கத்தின் தேவை பெரும்பாலும் வராது. அண்ணனின் கதை தெளிவாகாமல் இருக்கும்வரை, முழு மயக்கத்தைத் தவிர்க்க உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் காரணம் இருக்கிறது. குழாய் பழைய தையல் வலியை மறைத்துவிடும் என்பார்கள். தையல் பிரிவதை முதலில் காட்டுவது பெரும்பாலும் குழந்தையின் இதயத்துடிப்புதான், அதை மானிட்டரில் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எபிடியூரல் வேண்டாம் என்றே முடிவெடுத்தால், ஆக்சிஜனும் நைட்ரஸ் ஆக்சைடும் பாதிப்பாதி கலந்த வாயுவை நீங்களே மாஸ்க்கைப் பிடித்து உள்ளிழுக்கலாம். குழந்தைக்கும் போகும், ஆனால் மூச்சோடு சில நிமிடத்தில் வெளியேறிவிடும். வலி பாதிகூடக் குறையாது, முனை மழுங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெத்திடினைத்தான் நான் கடைசியில் வைப்பேன்.

திட்டமிட்ட சிசேரியன் என்றால் ஸ்பைனல். ‘மொத்தமாகத் தூங்கிவிடலாம்’ என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் நிறைமாத வயிறு நுரையீரலை மேலே தள்ளியிருக்கும், உடலுக்கு ஆக்சிஜன் தேவையும் கூடியிருக்கும், அதனால் மூச்சுக்குழாய் போடத் தாமதமானால் ஆக்சிஜன் மற்றவர்களைவிட வேகமாக இறங்கும். வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் அதிகம். முழு மயக்கம் உயிர் காக்கும் முறை, நேரமே இல்லாதபோதும் முதுகில் ஊசி போட முடியாதபோதும் யோசிக்காமல் அதைத்தான் செய்வோம். மற்ற நேரத்தில் ஸ்பைனல் உங்களுக்கும் குழந்தைக்கும் நல்லது.

இந்த வாரமே கேட்க வேண்டியவை

மயக்க மருத்துவரைப் பிரசவத்துக்கு முன்பே ஒரு முறை பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பல இடங்களில் நீங்கள் கேட்டால்தான் ஏற்பாடு செய்வார்கள். உங்கள் பழைய மயக்கத் தாள், அண்ணனின் ஆபரேஷன் குறிப்பு இரண்டையும் கொண்டுபோங்கள். ஒப்புதல் படிவத்தை அப்போதே வாங்கி வீட்டில் வைத்துப் படியுங்கள், வலியின் உச்சத்தில் நீட்டுகிற தாளில் யாரும் எதையும் படிக்க முடியாது. எபிடியூரல் அங்கே இரவிலும் கிடைக்குமா என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் வகை ஊசி போட்டுக்கொண்டிருந்தாலோ, ரத்தத் தட்டணுக்கள் குறைவு என்று எப்போதாவது சொல்லியிருந்தாலோ அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், முதுகில் ஊசி போடலாமா, எப்போது போடலாம் என்பதை அவையே தீர்மானிக்கும். முடிவை மாற்றிக்கொள்ளும் உரிமை கடைசிவரை உங்களுக்கு உண்டு.

பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொட்ட வேண்டாம். ஸ்பைனலோ எபிடியூரலோ என்றால் ஆபரேஷன் டேபிளிலேயே கூடக் கொடுக்கலாம். முழு மயக்கம் என்றால், நீங்கள் தெளிந்து குழந்தையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு வந்ததும் கொடுக்கலாம். அந்த அளவுக்குத் தெளிந்துவிட்டீர்கள் என்றால் மருந்து உங்கள் ரத்தத்திலிருந்தும் பாலிலிருந்தும் பெரும்பாலும் இறங்கிவிட்டது என்றுதான் பொருள். முதல் நாள் சீம்பால் ஒரு தடவைக்குச் சில மில்லிலிட்டர்தான் வரும், அதில் கலந்து போகும் மருந்து மிகச் சொற்பம். புபிவகெய்ன் குழந்தையின் வயிற்றுக்குள் போனாலும் சரியாக உறிஞ்சப்படுவதில்லை.

வலி மாத்திரையில் மட்டும் கவனம் வையுங்கள். பாராசிட்டமாலும் இபுபுரூஃபன் அல்லது டைக்ளோஃபெனாக்கும் பாலூட்டும் தாய்க்கு ஏற்றவை, வேளைக்கு வேளை தவறாமல் எடுத்தால் பலருக்கு அதுவே போதும். கோடீன் வேண்டாம். சிலருடைய உடல் அதை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும், அது பாலில் வரும். யார் அப்படிப்பட்டவர் என்று முன்கூட்டித் தெரியாது. கோடீனோடு டிரமடாலையும் பாலூட்டும் தாய்மார்கள் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இல் எச்சரித்தது. டிரமடால் பற்றி எல்லா நாட்டு மருத்துவர்களும் அவ்வளவு கறாராக இல்லை, குறைந்த அளவில் குழந்தையைக் கவனித்துக்கொண்டு கொடுப்பவர்களும் உண்டு. பெத்திடினைப் பிரசவத்திற்குப் பிறகு திரும்பத் திரும்பப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். எந்த மருந்து எடுத்தாலும், குழந்தை பாலுக்கு எழாமல் தூங்கினாலோ, துவண்டு கிடந்தாலோ, மூச்சு விட்டு விட்டு வந்தாலோ அடுத்த வேளைக்குக் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.

மகனின் பேச்சு

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதற்கும் வரப்போகும் பிரசவத்திற்கும் தொடர்பு இல்லை என்பதுதான். 2016 டிசம்பரில் எஃப்டிஏ ஓர் எச்சரிக்கை விட்டது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கோ, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் உள்ள பெண்களுக்கோ மூன்று மணி நேரத்துக்கு மேலாக அல்லது திரும்பத் திரும்ப முழு மயக்கம் கொடுத்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்று அது சொன்னது. உங்கள் வீட்டுக்கு அந்தச் செய்திதான் ஏதோ ஒரு வழியில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் மகன் வயிற்றுக்குள் அந்த மருந்தைச் சந்தித்தது சில நிமிடங்கள். கைக்குழந்தைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக முழு மயக்கம் கொடுத்து, விழிப்பிலேயே ஸ்பைனல் போட்ட குழந்தைகளோடு ஒப்பிட்டு, ஐந்து வயதுவரை பின்தொடர்ந்த காஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. இரு பிரிவுக்கும் வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை.

மாமியாரிடமும் கணவரிடமும் இதைச் சொல்லுங்கள், அவர்களைக் குறை சொல்வதற்காக இல்லை. ‘ஊசியால வந்தது’ என்று முடிவுகட்டிவிட்டால் அதன்பின் யாரும் எதையும் தேடுவதில்லை, எனக்குக் கவலை அதில்தான். நான்கு வயதில் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுவது குறைவு. முதலில் காது கேட்கும் திறனை முறையாகப் பரிசோதியுங்கள், வீட்டில் கைதட்டினால் திரும்புகிறான் என்பது பரிசோதனை ஆகாது. காதில் நீர் கோத்து நிற்பது போன்ற எளிய காரணமாகக்கூட இருக்கலாம். பிறகு குழந்தை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் பார்க்கட்டும். பிரசவம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். கைக்குழந்தை வந்துவிட்டால் அவனை அழைத்துக்கொண்டு போக உங்களுக்கு நேரம் கிடைப்பது கஷ்டம், இன்னும் ஐந்தாறு வாரம் இருக்கிறது.